நல்லெண்ணெயில் கடைந்த ரெசின்

கதவுக்கு வெளியே ஒரு கதிரை போட்டு என்னை அதில் இருத்திவிட்டார்கள்.

உள்ளே, ஆய்வுகூடத்தின் நடு மேசைக்கு முன்னால் திரேசா அக்கா நிற்கிறார். பூசைக்குக் கட்டும் வெள்ளைச் சேலை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறார். கையில் மோர் கடையும் மத்து. முன்னால் அலுமினியச் சட்டி நிறைய நல்லெண்ணெய், இளஞ்சூட்டில். பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த இரண்டு தாள்கள். எதிரே கையைக் கட்டிக்கொண்டு பரீட்சகர்.

நான் வாய் திறக்கக் கூடாது. சைகை காட்டக் கூடாது. கதவின் கண்ணாடிக்குக் கிட்டப் போகவும் கூடாது. திரேசா அக்கா கடைந்தெடுக்கும் மணிகள், நான் கடைந்தெடுத்த மணிகள் செய்த வேலையைச் செய்தால் எனக்கு எம்.பில். பட்டம். செய்யாவிட்டால் ஆறு வருட உழைப்பும் கடலில் கரைத்த பெருங்காயம்.

எண்ணெய் வாசம் தாழ்வாரம் முழுக்கப் பரவியது. அந்தப் பக்கம் போன மாணவர்கள், "ஆர் வடை சுடுறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவை அவர்களுக்கும் சேர்த்தே கடைப்பிடித்தேன்.

இந்தத் தொடரை வாசிக்கும் ஓர் அன்பர், "உங்களுக்குத் தற்பெருமை கொஞ்சம் கூட" என்று கடிதம் போட்டிருந்தார். உண்மைதான். இந்த வாரம் இன்னும் கூடும். பொறுக்க ஏலாதவர்கள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம். அங்கேயும் நல்லெண்ணெய் இருக்கும்.

சிந்திய சிவப்பு

நான் கரம்பொன்காரி, யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதி. கம்பஸில் உயிர் இரசாயனத் துறையில் டிமொன்ஸ்ரேற்றர் வேலை. காலையில் மாணவர்களுக்குப் பரிசோதனை காட்டுவது, மாலையில் என் சொந்த ஆய்வு. மேற்பார்வை செய்த பேராசிரியர் ஒரு விடுமுறைக்கு வெளிநாடு போனவர் போனவர்தான். கடிதத்தில் மட்டும் மேற்பார்வை செய்தார்.

ஆய்வு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், சுருக்கம்தான்.

இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது ஹீம் என்கிற பொருள். சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை அது தங்கம். மலேரியாவிலோ பாம்புக் கடியிலோ சிவப்பணு உடைந்து வெளியே சிந்தினால் நஞ்சு. அப்படிச் சிந்தும் ஹீமைப் பிடித்துக்கொண்டுபோய் ஈரலில் ஒப்படைக்க ஒரு புரதம் இருக்கிறது. அதை ஆட்டு இரத்தத்திலிருந்து தனியே, சுத்தமாகப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. சுத்தமாகக் கிடைத்தால் அதை வைத்து அளவுகோல் ஒன்று செய்யலாம். நோயாளியின் உடம்பில் எவ்வளவு இரத்தம் உடைகிறது என்று சொல்லலாம்.

கேட்க நல்லாக இருக்கிறது. செய்யத்தான் ஏலவில்லை. பழைய முறைகளால் பிரித்துவிட்டு மின்சாரம் பாய்ச்சிய ஜெல் தகட்டில் ஓட்டிப் பார்த்தால் ஐந்து நீலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு புரதம். எனக்கு வேண்டியது ஒன்று. மற்ற நாலும் விடாமல் கூடவே வந்தன, கலியாண வீட்டுக்கு அழையாமல் வரும் சொந்தக்காரர்போல.

இதற்கு ஒரே வழி ஹீம் கட்டிய ரெசின். சின்னச் சின்ன மணிகள். ஒவ்வொன்றிலும் ஹீம் கொழுவியிருக்கும். அவற்றைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, இரத்தத் தெளிவை மேலே ஊற்றினால் எல்லாப் புரதமும் கீழே வடிந்துவிடும். ஹீமில் ஆசை உள்ள புரதம் மட்டும் மணிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தூண்டிலில் இரையைப் பார்த்துக் கடிக்கிற மீன் ஒன்றுதானே? அதே கணக்கு. பிறகு எலுமிச்சையில் உள்ள அந்தப் புளி அமிலத்தை ஊற்றினால் பிடியை விட்டுவிடும்.

அந்த ரெசின் கேட்டு வெளிநாட்டுக் கொம்பனிக்கு எழுதிப் போட்டு ஏழு மாதம் காத்திருந்தேன். பெருவிரல் அளவு போத்தல் ஒன்று வந்து சேர்ந்தது. அதைப் பிரிட்ஜில் வைத்த இரண்டாம் நாள் கம்பஸைப் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் பூட்டுவதற்குக் காரணம் தேவையில்லை, திறப்பதற்குத்தான் தேவை.

இரண்டு சிரட்டை கல்லுப்பு

கம்பஸைப் பூட்டினால் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் பிரிட்ஜ் வெறும் அலுமாரி. போத்தலைச் சுடுதண்ணிப் பிளாஸ்குக்குள் ஐஸ் போட்டு வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது.

ஊர்காவற்றுறைக் கரையில் சவிரிமுத்து அண்ணை இருந்தார். கடற்தொழில். அவரது மனைவிதான் திரேசா அக்கா. அக்காவின் தங்கை என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், அந்தப் பழக்கம். அண்ணையிடம் மீன் வைக்கும் பெரிய ஐஸ் பெட்டி இருந்தது.

"அண்ணை, இது ஆறு வருசப் படிப்பு. குளிரா இருக்கவேணும், அவ்வளவுதான்," என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

"கவலையை விடுங்கோ ரீச்சர். என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன்," என்றார். கம்பஸில் வேலை செய்தாலும் தீவில் நான் ரீச்சர்தான்.

நாலு நாளில் கம்பஸ் திறந்தது. போத்தலை எடுக்கப் போனேன்.

"குளிரா வைச்சிருந்தனீங்களோ அண்ணை?"

"குளிரோ! கையை விட்டுப் பாருங்கோ, விரல் விறைச்சுப்போம். உங்கடை சாமான் எண்டபடியால் இரண்டு சிரட்டை கல்லுப்பு கூடப் போட்டனான்."

அறக்குளா மீனைக் கொழும்புக்கு அனுப்பும்போது ஐஸில் உப்புப் போடுவார்கள். உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் கொடூரமாகக் குளிரும். மீனுக்கு அது வரம். என் ரெசினுக்கு அது எமன். உறையக் கூடாது என்று போத்தலில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். நான் அண்ணைக்குச் சொன்னது 'குளிர்' என்ற ஒரு சொல். கடற்கரையில் குளிர் என்றால் கல்லுப் போலக் குளிர்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மணி என்று ஒன்றுகூட இல்லை. உடைந்த முட்டைக் கோதுபோல் சில்லுகள். குழாயில் நிரப்பி மூன்று மணித்தியாலம் காத்திருந்தேன். ஒரு சொட்டு வடியவில்லை.

அன்று மாலை அண்ணையின் வாசலில் போய் நின்று வாயில் வந்தபடி ஏசினேன். இன்றைக்கு நினைத்தாலும் முகம் எரிகிறது. அவர் தலையைக் குனிந்தபடி, கட்டியிருந்த சாரத்தின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். பிழை என்னுடையது, ஏச்சு அவருக்கு.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், "உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சும்மாவே சொன்னவை?" என்றார். அழுகையின் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் அம்மாவோடு கோபித்தேன்.

"அதுக்கோ இவ்வளவு ஒப்பாரி?"

ஒரு கிழமை கழித்துத் திரேசா அக்கா எங்கள் வாசல் படலைக்கு வந்தார்.

"அவர் ஒழுங்காச் சாப்பிடுறாரில்லை ரீச்சர். கடலுக்குப் போறார், வாறார், சுவரைப் பாத்துக்கொண்டு படுக்கிறார். அது என்ன சாமான் எண்டு சொல்லுங்கோ. எங்கையாவது எடுக்கேலுமோ பாப்பம்."

"எடுக்க ஏலாது அக்கா. வெளிநாட்டிலை செய்யிறது. கடல் பாசியைக் காய்ச்சி எடுக்கிற ஒரு சாமான்."

"கடல் பாசியோ? என்ன பாசி?"

"காய்ஞ்சால் வெள்ளையா, கொத்துக் கொத்தாய் இருக்கும். காய்ச்சினால் கரைஞ்சு, ஆறினால் கட்டிபடும்."

அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ ரீச்சர், அது கஞ்சிப்பாசி! ஈஸ்ரருக்கு முதல் தபசு காலத்திலை நாங்கள் கஞ்சிக்குப் போடுறது. எழுவைதீவிலை அம்மா வீட்டுக்குப் பின்னாலை காலிலை சிக்கும். அதுக்கோ இவ்வளவு ஒப்பாரி?"

எனக்குப் பொறி தட்டியது என்று எழுத ஆசை. தட்டவில்லை. எரிச்சல்தான் வந்தது. பாசியைக் காய்ச்சிக் குடிப்பது வேறு, நுண்ணிய மணியாக உருட்டி ஹீம் கட்டுவது வேறு என்று இந்த மனுசிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அவர் போன பிறகு இரவெல்லாம் யோசித்தேன். விடிந்தபோது யோசனை திரும்பியிருந்தது. வெளிநாட்டுக்காரன் மட்டும் என்ன, வானத்திலிருந்து எடுத்தா உருட்டினான்?

அந்தச் சனிக்கிழமை சவிரிமுத்து அண்ணையின் வள்ளத்தில் எழுவைதீவுக்குப் போனோம். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. கரை தெரியத் தொடங்கியபோது நானே சொன்னேன்: "அண்ணை, நான் ஏசினது பிழை. உங்களுக்கு ஒழுங்காச் சொல்லாதது என்ரை பிழை."

"பரவாயில்லை ரீச்சர்," என்றார். அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. ஆனால் பாசி பொறுக்க முதலில் தண்ணீரில் இறங்கியது அவர்தான்.

வற்றுக் கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் மூன்று பேரும் இரண்டு சாக்குப் பொறுக்கினோம். அக்கா அதை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போட்டு, மறுபடி அலசி மறுபடி போட்டு, ஊதா நிறம் போய் வெள்ளை ஆகும்வரை விடவில்லை.

சைவப் பிள்ளையும் இரத்தச் சட்டியும்

ஊர்காவற்றுறையில் அக்காவின் குசினிதான் எங்கள் தொழிற்சாலை. பாசியைக் காய்ச்சி வடித்தோம். சூட்டோடு சூடாக அந்தக் கூழை இளஞ்சூட்டு நல்லெண்ணெயில் ஊற்றி, மத்தால் கடைந்தோம். கடையக் கடைய எண்ணெய்க்குள் அது பொடித் துளிகளாக உடையும். ஆறவிட்டால் துளி ஒவ்வொன்றும் மணியாக உறையும். சவர்க்காரத் தண்ணீரில் எண்ணெயைப் போக்கி, நைலோன் துணி இரண்டு வைத்து அரித்தோம். பெரியது ஒரு துணியில் நிற்கும், தூசு மற்றதால் போய்விடும், நடுத்தரம் எங்களுக்கு.

நான் கடைந்தால் மொச்சைக் கொட்டை அளவில் வரும். அக்கா கடைந்தால் ரவையிலும் பொடி. "கை ஓடவேணும் ரீச்சர், தோள் இல்லை," என்று என்னைப் பகிடி பண்ணுவார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பழகினேன். நாலாவது ஞாயிறு என் மணியும் ரவையானது. எனக்கு வந்த பெருமையைப் பார்த்து அக்காவின் கோழிகள்கூட விலகி நடந்தன.

இனி ஹீம். அதுவும் வாங்க இல்லை. பழைய பாடப் புத்தகத்தில் முறை இருந்தது: சூடான கடும் வினாகிரி அமிலத்தில் உப்புப் போட்டு, இரத்தத்தை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். ஆறினால் ஹீம் அடியில் நீலக்கறுப்பு ஊசிகளாக மினுங்கும். காரம் மூக்கைப் பிய்க்கும் என்பதால் அக்காவின் முற்றத்தில், காற்றுப் பார்த்து அடுப்பு மூட்டினோம். ஆட்டு இரத்தம் அண்ணை கொண்டுவந்தார்.

எங்கள் வீடு முட்டையும் படாத சைவம். ஒரு ஞாயிறு அடுப்பில் இரத்தம் கொதிக்க, நான் அகப்பையோடு பக்கத்தில் இருந்ததை யாரோ கண்டுவிட்டார்கள். கதை நான் வீடு போய்ச் சேர முதலே போய்ச் சேர்ந்தது. அம்மா குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சவிரிமுத்து வீட்டிலை இரத்த வறை தின்னுறியாமே?"

"தின்னேல்லை அம்மா. காய்ச்சினனான்."

"காய்ச்சி?"

"பட்டம் வாங்கப் போறன்."

அம்மா வாசலை விட்டு விலகினார். "தோய்ஞ்சிட்டு உள்ளுக்கு வா," என்றார். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் கிணற்றடியில் மாற்றுடுப்பு மடித்து வைத்திருக்கும். இதைவிடப் பெரிய ஆதரவை நான் எந்த நிறுவனத்திடமும் பெற்றதில்லை.

கம்பஸ் அலுமாரியில் பழைய மருந்துப் போத்தல்கள் மிச்சம் இருந்தன. மணி கரையாமல் இறுகப் பிணைக்க ஒன்று, ஹீமை அதில் கொழுவ ஒன்று. கொழுவி முடிந்தபோது வெள்ளை ரவை, கரும்பழுப்பு ரவை ஆனது. குழாயில் நிரப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொந்தக் கையால் செய்த ரெசின். தீவுப் பாசி, தீவு ஆட்டின் இரத்தம், தீவு நல்லெண்ணெய்.

முதல் தடவை ஊற்றியபோது எல்லாப் புரதமும் ஒட்டிக்கொண்டது. வேண்டியது வேண்டாதது எல்லாம். பாசியில் இயல்பாக உள்ள கந்தகச் சேர்க்கை செய்கிற வேலை அது. காரத் தண்ணீரில் பாசியைக் கொதிக்கவைத்து அதைக் கழற்ற ஆறு கிழமை பட்ட பாட்டை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இன்னொரு பக்கம் தரவேண்டி வரும். கடைசியில் வந்தது. ஐந்து கோடு இருந்த இடத்தில் ஒரு கோடு. அன்றைக்கு ஆய்வுகூடத்தில் தனியே நின்று கை தட்டினேன். எனக்கு நானே.

"அப்ப அது மந்திரம்"

ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தேன். பதிவுக் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. வாய்மொழிப் பரீட்சைக்குத் தெற்கிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தமிழர், கடுமையானவர். வேறு பரீட்சை வேலைகளுக்காக இரண்டு கிழமை யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தார்.

"ரெசின் எந்தக் கொம்பனி?" அதுதான் முதல் கேள்வி.

"நான் செய்தது சேர்."

"எதாலை?"

சொன்னேன். பாசி, எண்ணெய், மத்து. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பிள்ளை, விஞ்ஞானம் எண்டால் ஆர் செய்தாலும் வரவேணும். உம்மடை கையிலை மட்டும் வந்தால் அது விஞ்ஞானமில்லை. அப்ப அது மந்திரம்."

"ஆர் செய்தாலும் வரும் சேர்."

"வருமோ? அப்ப வேறை ஆள் செய்யட்டும். எழுத்திலை உள்ளதை வைச்சு, நீர் கிட்ட நிக்காமல். பாசியிலிருந்து கோடு வருமட்டும். வந்தால் கையெழுத்து வைக்கிறன். வராட்டில் இந்த ஏட்டை நான் ஏற்க ஏலாது."

துறையில் கேட்டேன். ஒருவருக்குத் தலையிடி, ஒருவருக்கு விரிவுரை, ஒருவர் என்னைக் கண்டதும் மற்றப் படியால் இறங்கினார். சரி, போங்கோ என்று ஊருக்கு வந்தேன்.

"நான் கம்பஸுக்கோ?" திரேசா அக்கா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார். "விசரே ரீச்சர் உங்களுக்கு? நான் படிச்சது ஐஞ்சாம் வகுப்பு. மணி உருட்டுவன். பேந்து அந்தக் குழாயிலை செய்யிற வேலையெல்லாம் நான் கண்ணாலையும் காணேல்லை."

"வாசிக்கத் தெரியுந்தானே அக்கா? செபப் புத்தகம் வாசிக்கிறீங்கள். நான் தமிழிலை எழுதித் தாறன்."

"பிழைச்சால்?"

நான் பதில் சொல்ல முதல் சவிரிமுத்து அண்ணை கதவடியிலிருந்து சொன்னார்: "போ திரேசா. நான் கெடுத்ததை நீ நேராக்கு."

அவர் அத்தனை மாதமும் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதுங்கோ," என்றார்.

ஆறு வருட வேலையை இரண்டு தாளில் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் மழுப்பியது எல்லாம் தமிழில் அப்பட்டமாகத் தெரிந்தது. 'தகுந்தவாறு கழுவுக' என்று எழுதிவிட்டு, எது தகுந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டு, 'மூன்று தரம் கழுவவும்' என்று மாற்றினேன்.

கதவுக்கு உள்ளே

அதுதான் நீங்கள் தொடக்கத்தில் பார்த்த காட்சி. எட்டு நாள் நடந்தது. பட்டணத்துக்குப் போகும் பாலத்தால் பஸ் ஓடிய நாளில் பஸ்ஸில் போனோம், ஓடாத நாளில் அண்ணையின் வள்ளம். மருந்துப் போத்தல்களை மட்டும் ஆய்வுகூட உதவியாளர் கையாளலாம், அதுவும் அக்கா தாளைப் பார்த்துச் சொன்னபடி.

பரிசோதனையைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது என்று பரீட்சகர் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வழியெல்லாம் மீன் விலை கதைத்தோம், மழை கதைத்தோம், அக்காவின் தங்கைக்கு வந்த சம்பந்தம் கதைத்தோம். மாப்பிள்ளையின் மூக்கு எப்படி என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. மணி எப்படி வந்தது என்று தெரியாது. அக்கா சத்தியத்தை மீறவில்லை. நான் இரண்டு தரம் மீறப் பார்த்தேன். என் கையில் கிள்ளினார்.

ஏழாம் நாள் குழாய் வேலை. என் தாளின்படி காலை தொடங்கினால் மத்தியானத்துக்குள் முடியும். மத்தியானம் ஆனது. கதவு திறக்கவில்லை. ஒரு மணி. இரண்டு மணி. குழாய் அடைத்துவிட்டது, நிச்சயம் அடைத்துவிட்டது. எழும்பிக் கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டு, மறுபடி இருந்தேன்.

மூன்று மணிக்கு உதவியாளர் வெளியே வந்தார்.

"என்ன அண்ணை நடக்குது?" உத்தரவை மறந்து கேட்டேன்.

"அவ இன்னும் கழுவுறா."

"என்னத்தை?"

"குழாயைத்தான். கழுவுறா, வடியிறதைப் போத்திலிலை பிடிக்கிறா, குலுக்கிக் குலுக்கிப் பாக்கிறா. பேந்தும் கழுவுறா."

"தாளிலை அப்பிடி இல்லையே!"

"இல்லைத்தான். பரீட்சகரும் சொல்லிப் பாத்தார். 'கொஞ்சம் பொறுங்கோ சேர்' எண்டுறா."

முடிந்தது என்று நினைத்தேன். அளவுக்கு மீறிக் கழுவினால் பிடித்து நின்ற புரதமும் கழன்று போய்விடும். ஒரு கோடும் வராது. அன்று பஸ்ஸில் மீன் விலைகூடக் கதைக்கவில்லை. அக்காவில் எனக்குக் கோபம். அவருக்கும் தெரியும். பூவரசங்குழைக் கட்டோடு பஸ்ஸில் இருந்த ஒருத்தியைப் பார்த்தபடியே வந்தார்.

இரண்டு கோடுகள்

எட்டாம் நாள் காலை எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளிச்சப் பெட்டியின் மேல் இரண்டு ஜெல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இடது பக்கம் என்னுடையது. வலது பக்கம் அக்காவுடையது.

அக்காவின் ஜெல்லில் ஒரு கோடு. கருநீலம், நேர், நூல் பிடித்தது போல். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

என்னுடையதிலும் ஒரு கோடு. அதற்குக் கீழே மெல்லிய ஒரு நிழல்.

வந்துவிட்டது! இன்னொருவர் கையில், நான் இல்லாமல், என் எழுத்தில். ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "விடுங்கோ ரீச்சர், ஐயா பாக்கிறார்," என்றார்.

ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் ஜெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நிழலை நீர் முதல் காணேல்லையோ?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. "கண்டனான் சேர்," என்றேன்.

"ஏன் எழுதேல்லை?"

கை தட்டிய அன்றே கண்டேன். வெளிச்சம் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிவிட்டேன். பெருமைக்காரியின் கண்ணுக்கு வேண்டியதுதான் தெரியும். வெட்கத்தில் காது சூடாகியது.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தாளிலை மூண்டு தரம் கழுவச் சொல்லிக் கிடக்கு. நீங்கள் எத்தினை தரம் கழுவினீங்கள்?"

"எண்ணேல்லை சேர்."

"பின்னை எப்பிடி நிப்பாட்டினீங்கள்?"

"நுரை நிண்டவுடனை."

"என்ன நுரை?"

"வடியிற தண்ணியைக் குலுக்கினால் நுரைக்கும் சேர். மீன் கழுவேக்கையும் அப்பிடித்தான். நுரை வருகுதெண்டால் இன்னும் கிடக்கு. மூண்டு தரத்திலை ஒரு சூடை மீனே துப்பரவாகாது. இது இரத்தம்." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்தார்: "ரீச்சர் அவசரத்திலை எழுதியிருப்பா."

புரதம் கலந்த தண்ணீர் குலுக்கினால் நுரைக்கும். முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த பாடம். நானே நூறு பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். வேண்டாத புரதம் முழுக்கப் போனால் நுரை நிற்கும். ஹீமைப் பிடித்து நிற்கும் புரதம் எத்தனை தரம் கழுவினாலும் அசையாது. அசையாது என்பதுதானே என் ஆய்வேட்டின் வாதமே! அதை நான் எழுதினேன். நம்பியவர் திரேசா அக்கா.

சொல்லத்தான் வேண்டும்: ஒரு கணம் எரிந்தது. என் கோட்டைவிட அவர் கோடு துப்பரவு. ஆறு வருடத்தை எட்டு நாள் வென்றுவிட்டது. அந்த எரிவு மூச்சு விடும் நேரம்தான் நின்றது. பிறகு வந்தது பெருமை, என் வாழ்நாளில் எனக்காக மட்டும் ஒருநாளும் பட்டிராத பெருமை.

பரீட்சகர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என் ஆய்வேட்டைப் புரட்டி, முறை எழுதிய பக்கத்தைக் கண்டுபிடித்து, 'தகுந்தவாறு' என்ற ஆங்கிலச் சொல்லின் மேல் ஒரு கோடு கீறினார். மேலே, வடிவான சின்ன எழுத்தில், வடியும் தண்ணீரில் நுரை நிற்கும்வரை என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"சரிதானே?"

"சரி சேர்."

"அப்ப இஞ்சை, ஓரத்திலை, கையெழுத்து வையுங்கோ. திருத்தம் எண்டால் திருத்தினவர் வைக்கவேணும்."

அக்கா கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்தார். பேனையை வாங்கி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ச. திரேசா என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார். பிறகுதான் நிமிர்ந்து கேட்டார்.

"அப்ப ரீச்சர் பாஸோ சேர்?"

பரீட்சகர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"நீங்கள் கையெழுத்து வைச்சிட்டீங்கள்," என்றார். "இனி நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"